பிங் என்றால் போங்க

இடுப்புக்கு மேலே நான் இஸ்திரி போட்ட சட்டை, காலர், காதில் ஹெட்செட். இடுப்புக்குக் கீழே கைலி. மேலே எஞ்சினியர், கீழே எஸ்டேட் என்று என் மனைவி சொல்வாள். கோலாலம்பூரில் இருக்கும் ஒரு கிடங்கு நிறுவனத்தின் கணினிகளை, புக்கிட் செந்தோசாவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி கவனித்துக்கொள்வது என் வேலை. கவனித்துக்கொள்வது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அவை உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். செத்தால் எழுப்ப வேண்டும். எழாவிட்டால் பழியை எந்தப் பக்கம் தள்ளலாம் என்று யோசித்து ஓர் அறிக்கை எழுத வேண்டும். இதைப் பல வருஷமாகச் செய்து ஒரு வீடும் ஒரு தொப்பையும் சம்பாதித்திருக்கிறேன்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. தூரத்தில் இருக்கும் கணினிக்கு ஒரு சின்னத் தகவல் அனுப்புவோம். அதற்குப் பெயர் பிங். உயிரோடிருந்தால் அது பதில் அனுப்பும். மேசைப்பந்து மாதிரி, இந்தப் பக்கம் பிங், அந்தப் பக்கம் பாங். பதில் வராவிட்டால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

எங்களுக்கு ஒரே மகள். அவள் சின்னப் பிள்ளையாகத் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் ஒருநாள் இதை விளக்கினேன்.

"அப்பா பிங்னு சொன்னா, நீ பாங்னு சொல்லணும். சரியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பிங்னா... போங்க" என்றாள்.

நான் வேலையில் இருக்கும்போது அவள் பக்கத்தில் வந்தால், 'போம்மா, அப்பா மீட்டிங்ல இருக்கேன்' என்று துரத்துவேன். அதற்குச் சரியான பழிவாங்கல். மனைவி அடுப்படியிலிருந்து கைதட்டினாள். அன்றிலிருந்து அதுவே எங்கள் வீட்டு வழக்கமானது. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று பிங் என்பேன், உள்ளேயிருந்து "போங்க லா" என்று தண்ணீர்ச் சத்தத்தோடு வரும். கைப்பேசி வாங்கிக் கொடுத்த பிறகு அதிலும் வந்தது. 'போங்க லா, டியூஷன்ல இருக்கேன்.' 'போங்கப்பா லா, ஃபிரெண்ட்ஸ் பாக்குறாங்க.' இங்கே பேச்சின் வாலில் ஒட்டிக்கொள்ளும் அந்த லா, அவளுக்கு வார்த்தைக்கு வார்த்தை வேண்டும். இட்லிக்குச் சட்னி மாதிரி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் நன்றாக இருந்த நாட்களில் ஒரு மாலை, நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் அலுவலகத்தில் ஒரு பையன் செய்த கூத்தைச் சொன்னேன். கணினி நலமா என்று கேட்டால், எதையும் பார்க்காமலே 'நலம்' என்று தானாகப் பதில் போகும்படி எழுதி வைத்துவிட்டான். அந்த மெஷின் செத்துக் கிடந்தது. ஆர்டர் ஒன்றும் போகவில்லை. நாங்கள் கேட்கும்போதெல்லாம் நலம், நலம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

"செத்த பிறகும் நல்லா இருக்கேன்னு சொல்ற ஜாதி மா அது" என்றேன்.

மகள் சிரித்த சிரிப்பில், குடித்துக்கொண்டிருந்த மைலோ மூக்கு வழியாக வந்தது. "எப்படிப்பா அப்படி எழுதுனாரு?" என்று கேட்டாள். பிள்ளைக்கு நம் தொழிலில் ஆர்வம் வந்துவிட்டதே என்று ஆசை ஆசையாக விளக்கினேன். தட்டில் விரலால் படம் போட்டும் காட்டினேன்.

ஐந்தாம் படிவத்தில், பள்ளியின் கடைசிப் பரீட்சையான எஸ்பிஎம் எழுத வேண்டிய வருஷத்தின் நடுவில், ஒரு திங்கட்கிழமை காலை அவள் பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. வயிற்றுவலி என்றாள். மறுநாள் தலைவலி. அடுத்த வாரம் வலிக்குப் பெயர் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். சீருடை மட்டும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

என் தொழிலில் எது விழுந்தாலும் மூல காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். நான் ஆரம்பித்தேன். யாராவது அடித்தார்களா? இல்லை. கேலி செய்தார்களா? இல்லை. யாரையாவது பிடித்திருக்கிறதா? "அப்பா, ப்ளீஸ்." பள்ளிக்குப் போய்க் கேட்டேன். நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை என்றார்கள். அமைதியான பிள்ளை என்று அவர்கள் சொன்னது யாரை என்று எனக்குப் புரியவில்லை. கிளினிக் டாக்டர் அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அங்கே முறை வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அதுவரை வீட்டில் அன்பாகப் பேசுங்கள் என்றார் டாக்டர்.

அன்பாகப் பேசச் சொன்னால் எனக்கு வருவது ஜோக்தான். மூடிய கதவுக்கு வெளியே நின்று நான் சொன்ன ஜோக்குகளை இப்போது நினைத்தால் எனக்கே காது கூசுகிறது. "மேடம், ரூம் சர்வீஸ்." "மேடம், பில் கட்டாம எத்தன நாளு தங்குவீங்க?" உள்ளே ஒரு சத்தமும் இருக்காது. ஒருநாள் அப்படிப் பேசிப் பேசி ஓய்ந்துபோய், மேசைக்குத் திரும்பி வந்து வாட்சாப்பில் 'பிங்' என்று அனுப்பினேன். நெடுநேரம் கழித்து 'போங்க லா' என்று வந்தது. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கைலியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அடுத்த மீட்டிங்கில் உட்கார்ந்தேன். இணைப்பு இருக்கிறது, அது போதும் என்று தோன்றியது.

கோல சிலாங்கூர் பக்கத்தில், நான் பிறந்த எஸ்டேட்டில், விடிவதற்கு முன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு நடக்கும். மேஸ்திரியான மண்டோர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். இருக்கேன் என்று குரல் கொடுத்தால் அன்றைக்குப் பேர் விழும், கூலி உண்டு. லயத்து வீட்டில் படுத்துக் கிடப்பவனுக்காகப் பக்கத்து வீட்டுக்காரன் குரலை மாற்றிக் கொடுத்த கதைகளை என் அப்பா சொல்லிச் சிரித்திருக்கிறார். பெரட்டுக் களத்திலிருந்து தப்பிப் படித்து வந்தவன் நான். கடைசியில் என் வீட்டுக்கே மண்டோர் ஆனேன். காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் முதலில் கணினிகளுக்குப் பிங். அப்புறம் மகளுக்குப் பிங். இரண்டு பக்கமும் பதில் வந்த பிறகுதான் காப்பி.

மனைவி ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இருட்டோடு கிளம்பிப் போவாள். மாலையில் வந்ததும் மகளின் அறைக்குள் போய் அவள் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

"என்னாங்க, எட்டி நடந்தா ரூம்பு. அதுக்கு எதுக்கு மெசேஜு? உள்ள போய்ப் பாருங்களேன்."

"தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போனால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதைச் சிரிக்க வைக்க எனக்குத் தெரியவில்லை. சிரிக்க வைக்க முடியாத இடத்தில் எனக்கு என்ன வேலை என்றும் தெரியவில்லை.

"மெலிஞ்சிட்டா அவ" என்றாள் மனைவி ஒருநாள்.

"வளர்ற பிள்ள. இழுத்து விட்ட மாதிரி நீண்டுட்டா, அவ்வளவுதான்."

எப்போதும் தொளதொளவென்று ஒரு ஜாக்கெட்டுக்குள் இருந்தாள். மத்தியானச் சோற்றைத் தட்டில் போட்டு, கதவுக்கு வெளியே ஒரு முக்காலியில் வைப்பேன். பிறகு பார்த்தால் தட்டு காலியாக இருக்கும். நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று மனைவியிடம் சொல்வேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டு வரிசையில் திரியும் பூனைகளெல்லாம் கொழுத்துப்போயின. ஒன்று மதிலில் ஏற முடியாமல் சறுக்கி விழுந்ததைப் படம் பிடித்து, 'இதற்கும் வீட்டிலிருந்து வேலை போல' என்று எழுதி அலுவலகக் குழுவில் போட்டேன். நிறைய பேர் சிரித்தார்கள்.

தீபாவளிக்கு ஈஜோக்கிலிருந்து என் அக்கா வந்தார். கோயிலில் மந்திரித்த கயிறு ஒன்றும், ஒரு டின் அச்சுமுறுக்கும் கொண்டு வந்திருந்தார். கயிற்றைக் கட்ட அறைக்குள் போனவர் சீக்கிரமே வெளியே வந்தார். கயிறு கையிலேயே இருந்தது.

"டே தம்பி, என்னாடா பிள்ள இப்படி இருக்கு. செவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டு. அத்த வந்திருக்கேன்னு சொல்றேன், திரும்பக்கூட இல்ல."

"தூங்கியிருப்பா அக்கா."

"கண்ணு தொறந்துதான்டா இருந்துச்சு. மொதல்ல அந்தப் போனப் புடுங்கி வையி. எல்லாம் அதுனாலதான். புடுங்கிட்டா ரெண்டு நாள்ல எந்திரிச்சு வந்துரும்."

"போன் இருக்கறதுனாலதான் அவ எங்கிட்டப் பேசுறா, அக்கா."

"எங்க பேசுது? காட்டு."

கூடத்தில் அக்கா, மனைவி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் பலகாரத்தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வேகம் வந்துவிட்டது. வித்தைக்காரன் மாதிரி கைப்பேசியைத் தூக்கிக் காட்டி, 'பிங்' என்று அடித்து அனுப்பினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வந்தது. 'போங்க.'

"பாத்தீங்களா? மேடம் பதில் போட்டுட்டாங்க. வரவேணாம், போங்கன்னுட்டாங்க" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கயிற்றைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, "என்னமோ போடா" என்றார்.

அதற்கு அடுத்த வாரம், முறுக்கு டின்கள் இன்னும் காலியாகாத ஒரு நாள். முந்தின மாலை இடியில் மகளின் அறையில் சார்ஜர் கருகிவிட்டது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி மகளின் கைப்பேசியை எடுத்து வந்து, அடுப்படி மேடையில் தன்னுடைய சார்ஜரில் சொருகிவிட்டுப் போயிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. வழக்கம்போலக் காலையில் பிங் அனுப்பினேன், போங்க வந்தது, பிளாஸ்க்கில் இருந்த காப்பியை மேசையிலேயே குடித்தேன். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நீண்ட மீட்டிங். என் பேச்சு முடிந்து, மற்றவர் பேசுவதைக் கேட்பதுபோல் தலையாட்டிக்கொண்டே, தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். நடந்துகொண்டே பிங் அனுப்பினேன்.

மேடையில் கிடந்த கைப்பேசி உறுமியது.

அவளுடையது. வெளியே வந்திருக்கிறாள் போல, குளிக்கப் போயிருப்பாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். குளியலறையைப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது, தரை காய்ந்திருந்தது. நான் நின்றுகொண்டிருக்கும்போதே என் கைக்குள் என் கைப்பேசி அதிர்ந்தது.

'போங்க.'

மேடையில் இருந்த கைப்பேசியை யாரும் தொடவில்லை. அடுப்படியில் நானும் ஒரு முருங்கைக்காய்க் கட்டும்தான் இருந்தோம். மறுபடியும் பிங் என்று அனுப்பினேன். அது உறுமியது. நான் மூச்சுவிடாமல் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே வரவில்லை. மனுஷன் யோசிப்பதுபோல் கொஞ்சம் தாமதித்தது. பிறகு, திரை கருப்பாகவே இருக்க, எனக்குப் பதில் அனுப்பியது.

போங்க.

நல்ல வேலை. தானாகப் பதில் போகும்படி எழுதி, அந்தத் தாமதத்தைக்கூட யோசித்து வைத்திருக்கிறாள். என் குழுவில் இருந்தால் பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்திருப்பேன். அந்த இடத்தில், அந்த நொடியில் இதுதான் எனக்குத் தோன்றியது, வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. அதற்குப் பிறகுதான் கணக்குப் புரிந்தது. காலையில் போங்க என்று சொன்னதும் இதுதான். நேற்றும். தீபாவளிக்கும்.

கூடத்தைத் தாண்டி அவள் பெயரைக் கத்திக்கொண்டு ஓடினேன். கைலி தடுக்கி, முக்காலியைத் தட்டிவிட்டு, கதவில் போய் மோதினேன். கதவு பூட்டியிருக்கவில்லை. என்றைக்குமே பூட்டியிருக்கவில்லை என்று பிறகு மனைவி சொன்னாள்.

திரைச்சீலை மூடியிருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காலைத் தொட்டேன். சூடாக இருந்தது. என் கைக்குள் அந்தக் கணுக்கால் முழுதாக அடங்கியது. அது எப்போது அப்படி ஆனது என்று எனக்குத் தெரியவில்லை.

"என்னாப்பா" என்றாள், திரும்பாமல். குரல் காய்ந்திருந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே மதில்மேல் அந்தக் குண்டுப் பூனை, மத்தியானச் சோற்றுக்காகக் காத்திருந்தது. ஜன்னல் கட்டையில் காய்ந்த சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தன.

"போங்கன்னு நீ அனுப்பலியாம்மா?"

"போன் அனுப்புது."

"எப்பலேருந்து?"

"தெரியல. மெர்டேக்கா லீவுலேருந்து இருக்கும்."

"ஏம்மா?"

"டைப் பண்ண முடியலப்பா. கை தூக்க முடியல. பதில் போடலன்னா நீங்க பயப்படுவீங்க. அதான்."

"அதுக்கு..."

"நான் இல்லன்னாலும் அது அனுப்பும்ப்பா. சார்ஜ் இருக்கற வரைக்கும்."

அதை அவள் எந்த அழுத்தமும் இல்லாமல் சொன்னாள். மைலோ தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல. என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் ஜோக் ஒன்றும் வரவில்லை. அவள் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இருக்கப் போவதில்லை என்று யோசித்துக்கொண்டிருந்த பிள்ளை, அப்பன் பயப்படக்கூடாதே என்று ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாள். அப்பன் வெளியே உட்கார்ந்து, பச்சை விளக்கு எரிகிறது, எல்லாம் நலம் என்று காப்பி குடித்திருக்கிறான்.

மனைவிக்குப் போன் செய்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. "அவள விட்டு நகராதீங்க, நான் வரேன்" என்று மட்டும் அவள் சொன்னது நினைவிருக்கிறது. மகளை எழுப்பி உட்கார வைத்தேன். என்னோடு மருத்துவமனைக்கு வருகிறாயா என்று கேட்டேன். வருகிறேன் என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. செருப்பை நானே போட்டுவிட்டேன். மனைவி வந்து காரின் பின்சீட்டில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். அவசரப் பிரிவில், முறை வந்ததற்கான கடிதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். தான் இல்லாவிட்டாலும் அது அனுப்பும் என்று மகள் என்னிடம் சொன்ன அந்த வாக்கியத்தை அப்படியே மலாயில் சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் கடிதம் கேட்கவில்லை.

மேசையில் மீட்டிங் திறந்தபடியே கிடந்திருக்கிறது. நான் கத்தியது, முக்காலி விழுந்தது எல்லாம் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. இன்றுவரை அதைப் பற்றி ஒருவரும் என்னிடம் பேசியதில்லை. மானேஜர் மட்டும் அன்று மாலை ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருந்தார்.

அவள் வார்டில் இருந்த நாட்களில், வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எங்கள் பழைய செய்திகளைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். எது அவள், எது மெஷின் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பக்கம் பக்கமாக ஒரே மாதிரி. பிங், போங்க. பிங், போங்க. தள்ளிக்கொண்டே போனேன். ஆகஸ்டு கடைசிக்கு, மெர்டேக்கா என்ற சுதந்திர தின விடுமுறைக்குச் சற்று முன்னால் வந்ததும் ஓரிடத்தில், 'போங்க லா' என்று இருந்தது.

அதுதான் அவள் கையால் அனுப்பிய கடைசிப் பதில். மெஷினுக்கு எழுதும்போது லாவை விட்டுவிட்டிருக்கிறாள். வேண்டுமென்றே விட்டாளா, அதை அடிக்கும் தெம்பும் இல்லாமல் போனதா என்று நான் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் லா இல்லாமல் பேசாத பிள்ளை. மாதக்கணக்கில் ஒரு லா இல்லை. நாள் முழுவதும் கணினிகளின் குரலில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் கண்டுபிடிப்பவன் என்று எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

இப்போது வீட்டில் இருக்கிறாள். எஸ்பிஎம் எழுதவில்லை. மாத்திரை இருக்கிறது, வாரம் ஒருமுறை ஓர் அம்மையாரிடம் பேசப் போகிறாள். சில நாள் நன்றாக இருக்கிறது, பல நாள் இல்லை. மூல காரணம் இன்னும் கிடைக்கவில்லை. அந்த அம்மையார் கிடைக்காமலே போகலாம் என்கிறார். தானாகப் பதில் போடும் அந்த ஏற்பாட்டை மகளே கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டாள். மத்தியானச் சோற்றை இப்போது நானும் அவள் அறையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். பூனைகளுக்குத்தான் கஷ்ட காலம்.

வாட்சாப்பில் பிங் அனுப்புவதில்லை. நடந்து போய்க் கதவுக்கு வெளியே நின்று வாயால் சொல்கிறேன். பதில் வராத நாட்களில் கதவைத் திறந்து, லேப்டாப்போடு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். பின்னால் தொங்கும் துணிகளைப் பார்த்துவிட்டு, எங்கே இருக்கிறீர்கள் என்று மீட்டிங்கில் கேட்கிறார்கள். வேலையில் இருக்கிறேன் என்று சொல்கிறேன்.

சில நாள் உள்ளேயிருந்து "போங்க" என்று மெல்லிய குரலில் வரும். அதற்கும் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவேன். வெறும் போங்கவை நான் இனிமேல் நம்புவதாக இல்லை. லா வந்தால்தான் திரும்பிப் போவேன்.

இந்த வாரம் ஒரே ஒரு முறை லா வந்தது. நான் திரும்பிப் போகவில்லை. கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.